ஆறு துண்டாக ஒரு சொல்

திருகாணி எகிறி விழுந்தது. அதைத் தேடி நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்தோம்.

என் மூக்குக்கண்ணாடியின் வலது காது நான்கு நாட்களாக ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கடையில் பதினொரு வருடமாக வில்லை பொருத்துகிறவள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே கொடுப்பானேன் என்று நானும் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத்தான் அவளுக்கு மனது வந்தது. மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, தீக்குச்சி நீளமுள்ள திருப்புளியை வைத்துத் திருகினாள். எள்ளைவிடச் சிறிய திருகாணி. ஒரு நொடியில் காணாமல் போய்விட்டது.

"அசையாதக்கா. நீ அசைஞ்சா அது உன் கால்ல ஒட்டிக்கிட்டு ஊர்வலம் போகும்."

"நான் எங்கடி அசைஞ்சேன். நீதான் யானை மாதிரி மூச்சு விட்டே."

"கண்ணாடி இல்லாம கண்ணாடி ஆணியைத் தேடுற ஒரே ஆள் நீதான். நாளைக்கு மைக்குல சொல்லிடு, கண்டெடுத்தவங்க அறிவிப்பாளர் அறையில ஒப்படைக்கவும்னு."

அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. தேய்ந்து அடங்கவில்லை, மின்சாரம் போனதுபோல் நின்றது. வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து, வலது கழுத்தெலும்புக்குக் கீழே தட்டையாக வைத்தாள். "வந்துடுச்சு" என்பதற்கு எங்கள் சைகை அது; எந்தப் பக்கம் அடைக்கிறதோ அந்தப் பக்கம் வைப்பாள்.

அவளை எல்லோரும் நண்டு என்றுதான் கூப்பிடுவோம். கைக்குழந்தையாக இருந்தபோது நாலு பக்கமும் கைகாலை வீசியதால் அப்பா வைத்தது. என்னைவிட ஒன்பது வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, கல்யாணமாகித் திரும்பி வந்த நானும், கல்யாணமே வேண்டாம் என்றிருந்த அவளும் இரண்டாவது மாடியில் இந்த இரண்டு அறை வீட்டில் இருந்தோம். நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர்.

அவளுக்கு மூச்சிரைப்பு தொடங்கியபோது ஆஸ்துமா என்றார்கள். மூன்று வருடம் ஊதுகுழல் மருந்தை இழுத்தாள். பிறகு ஒரு நாள் கடையிலேயே சுருண்டு விழுந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் இடது நுரையீரல் சுருங்கிக் கிடந்தது தெரிந்தது. அங்கே ஒரு பெண் மருத்துவர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுரையீரல் முழுக்கக் காற்றுக் குமிழிகள். பெண்களுக்கு மட்டுமே என்று சொல்லுமளவுக்குப் பெண்களுக்கு வரும் நோய், லட்சங்களில் ஒருவருக்கு வருவது என்றார். ஒரு குமிழி உடைந்தால் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்து நுரையீரலை அமுக்கும், உடனே ஊசியைச் செருகிக் காற்றை வெளியே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தாமதித்தால் இதயத்தையும் அமுக்கிவிடும் என்றார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார்.

எனக்கு அது ரயில் போவதுபோல் கேட்டது. நண்டு எழுதித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அன்றிரவு சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பென்சிலால் அந்தச் சொல்லை ஆறாக வெட்டினாள். லிம்ஃப், ஆஞ்சியோ, லெயோ, மயோ, மட்டோ, ஸிஸ். முதல் துண்டு லத்தீன், மற்றவையெல்லாம் கிரேக்கம் என்று எங்கிருந்தோ தேடிப் பிடித்தாள். ஒவ்வொன்றின் கீழேயும் பொருள் எழுதினாள். நிணநீர். குழாய். வழவழப்பு. தசை. கட்டி. கடைசித் துண்டுக்கு வெறும் 'நிலைமை'.

"மயோன்னா தசை. அதே கிரேக்கச் சொல்லுக்கு எலின்னும் அர்த்தமாம். தோலுக்கடியில தசை ஓடறது எலி ஓடற மாதிரி இருக்குதாம். உன் மைக் ரூம் எலிக்குப் பூனை வளக்கச் சொன்னேன், இப்ப எனக்கே தேவைப்படுது."

"வாயைக் கழுவு. இதெல்லாம் ஒரு ஜோக்கா."

"ஜோக்கு இல்ல. நீ இதைச் சொல்லணும். எனக்கு அடைச்சா என்னால பேச முடியாது. பக்கத்துல இருக்கப்போறது நீதான். எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் போனவுடனே ஆஸ்துமான்னு நினைச்சு மருந்துப் புகை வெப்பாங்க. அதுக்குள்ள நீ சொல்லிடணும்."

"ஒரு சீட்டுல எழுதிப் பையில வெச்சுக்கடி."

"சீட்டை எவன் படிக்கிறான்? எங்க கடையில மருந்துச் சீட்டு மாதிரி கண் சீட்டு கொண்டுவராங்க, நாங்களே பாதியைத்தான் படிக்கிறோம். காதுல விழுந்தா திரும்பிப் பாப்பாங்க. நாடே உன் குரலைக் கேட்டு ஓடிப்போய் பஸ் ஏறுது. என் அக்காதான் என் சீட்டு."

அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. என் வேலையில் ஒரு முறை உண்டு. நீளமான ஊர்ப் பெயரை மனதுக்குள் துண்டாக்கி, மூச்சு எங்கே எடுப்பது என்று முடிவு செய்துகொண்டு, வெளியே ஒரே ஓட்டமாகச் சொல்ல வேண்டும். முதலில் ஊர், பிறகு மேடை, பிறகு நேரம். எல்லாம் இரண்டு தடவை. ஊரின் பெயர் காதில் விழுந்தால்தான் மற்றதைக் கேட்பார்கள் என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருடமாக அதையே செய்கிறேன். நண்டு வகுத்ததும் அதே வரிசைதான்: முதலில் சொல், பிறகு 'நுரையீரல் சுருங்கிவிட்டது', பிறகு எந்தப் பக்கம், பிறகு 'காற்றை எடுங்கள்'.

துணி காயப்போடும்போது கேட்பாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பாள். நான் 'ஆஞ்சியோ'வில் தடுக்கினால் ஒரு நாள் காபி போடும் வேலை எனக்கு. மூன்று வாரத்தில் தடுக்குவதே நின்றது. ஐந்து மாதம் கழித்து இரண்டாவது தடவை, இடது பக்கமே மறுபடி சுருங்கியபோது, அதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலிலேயே நான் ஒப்பித்தேன். அங்கே அவளைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். "தெரியும்மா, தெரியும்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே தள்ளிப் போனார்கள். எங்கள் ஏற்பாடு வேலை செய்கிறது என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

மூன்றாவது தடவை இது.

கீழ்வீட்டு வேன்காரர் தன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடக்கூட இல்லாமல் எங்களை ஏற்றினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஏழு.

"எங்கம்மா விடட்டும்?"

நண்டு ஏழு விரல் காட்டினாள். அவள் உதடு ஏற்கெனவே சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. என் தோளில் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் ஒரு சின்னப் படியில் ஏறுவதுபோல எடுத்தாள். நான் ஆறு துண்டுகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். சரியாக வந்தன. அந்த நேரத்தில் எனக்கு ஒரு தெம்புகூட இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

அவசரப் பிரிவு ஒரே நீள அறை. ஆறு கட்டில். ஒரு கட்டிலில் பைக்கிலிருந்து விழுந்தவன் தன் காலைத் தொடவிடாமல் கத்திக்கொண்டிருந்தான். நீலச் சேலை கட்டிய பணியாளர் அம்மா ஒருவர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, நண்டுவின் இடுப்பில் கைகொடுத்து, ஒரே தூக்கில் கட்டிலில் சாய்த்தார். செவிலியர் ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினார். மருத்துவர் இளைஞர், இருபத்தேழு வயதிருக்கலாம். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, நண்டுவின் பக்கம் குனிந்தபடியே என்னைக் கேட்டார்.

"என்ன, வீசிங்கா? ஆஸ்துமா இருக்கா?"

அதற்காகத்தான் பதினான்கு மாதம் காத்திருந்தேன்.

"லிம்ஃபாஞ்சியோலெயோமயோமட்டோஸிஸ்" என்றேன். வழக்கப்படி இரண்டாவது தடவையும் சொன்னேன்.

ஒரு எழுத்து சிதறவில்லை. பைக்கில் விழுந்தவன்கூட ஒரு கணம் கத்துவதை நிறுத்தினான். மருத்துவர் நிமிர்ந்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க, மேடம்."

நான் துண்டு துண்டாகச் சொன்னேன். அவரும் கூடவே சொன்னார். ஒவ்வொரு துண்டையும் உள்ளங்கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல.

"லிம்ஃப்... நிணநீர். ஆஞ்சியோ, குழாய். லெயோ?"

"வழவழப்பு" என்றேன்.

"கரெக்ட், ஸ்மூத். ஸ்மூத் மசில். ஓமா, கட்டி. கட்டி எங்க இருக்கு மேடம்?"

"புற்றுநோய்க் கட்டி இல்லீங்க."

"சரி. ஆனா எங்கயாவது கட்டின்னு ஸ்கேன்ல சொன்னாங்களா?"

"வலது கிட்னியில ஒண்ணு இருக்கு. நாலு சென்டிமீட்டர்."

அது உண்மை. இந்த நோய்க்காரர்களில் சிலருக்கு அப்படியும் இருக்கும் என்று பெண் மருத்துவர் சொல்லியிருந்தார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். ஆனால் அந்தப் பதிலால் மருத்துவரின் கை நெஞ்சைத் தாண்டி விலாவுக்குக் கீழே போனது.

"கிட்னியில இருக்கறது உடைஞ்சு உள்ள ரத்தம் போகுதோ என்னமோ. சிஸ்டர், பிரஷர் பாருங்க. ரத்தம் ஏத்த ஒரு லைன் போடுங்க. வயித்துக்கு ஸ்கேன் சொல்லுங்க." வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். நண்டு முனகினாள். "வலி இருக்கு பாருங்க."

"பிரஷர் எண்பதுதான் சார்" என்றார் செவிலியர்.

"சொன்னேன் இல்ல."

எனக்கு அடுத்த வரி இருந்தது. நாக்கின் மேலேயே இருந்தது. ஆனால் அவர் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். எப்போது கண்டுபிடித்தார்கள், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், குடும்பத்தில் யாருக்காவது உண்டா. அவர் குரலில் மரியாதை கூடிக்கொண்டே போனது. நானும் நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன். என் முதுகு கட்டிலின் பக்கம் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் மைக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை யாரும் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை. வீட்டில் பழகியபோதும் நண்டு ஒரு நாளும் மருத்துவராக இருந்து குறுக்கே கேட்டுப் பார்த்ததில்லை. கேட்கவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"சார்."

பணியாளர் அம்மாதான். கையில் வாளி இருந்தது.

"சார், இந்தப் பொண்ணு வயித்தைக் காட்டல. இங்க காட்டுது."

நான் திரும்பினேன். நண்டுவின் இரண்டு விரல்கள் வலது கழுத்தெலும்புக்குக் கீழே இருந்தன. தட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகத் தட்டினாள் என்று தெரியவில்லை.

"வந்ததுலேருந்து இதையேதான் செய்யுது" என்றார் அந்த அம்மா. "நெஞ்சு இடது பக்கம்தான் ஏறி இறங்குது. வலது பக்கம் பலகை மாதிரி இருக்கு, பாருங்க."

"நுரையீரல் சுருங்கிடுச்சு" என்றேன். "வலது பக்கம். காத்தை எடுங்க." மூன்று வரியும் ஒன்றாக விழுந்தன. எனக்கே கேட்காத குரலில்.

மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி வலது பக்கம் வைத்தார். இடது பக்கம் வைத்தார். மறுபடி வலது. "பெரிய ஊசி, பெரிய ஊசி" என்று கையை நீட்டினார். அவள் விரல் வைத்திருந்த இடத்திலேயே விரலை நகர்த்திவிட்டு ஊசியைச் செருகினார். சைக்கிள் குழாயில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. நீளமாக வந்தது. முகமூடி ஒரு தடவை ஆவி படிந்து வெளுத்தது. நான் பார்த்தேன். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று செவிலியர் சொன்னார்.

இரண்டாவது தடவை வெளுக்கவில்லை.

அதன் பிறகு அவர்கள் செய்ததெல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். நெஞ்சை மாறி மாறி அழுத்தினார்கள். குழாய் போட்டார்கள். பணியாளர் அம்மாதான் என் தோளைப் பிடித்து வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார். வேன்காரர் நனைந்த கால்சட்டையுடன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு மருத்துவர் வெளியே வந்தார். எழுந்திருக்கச் சொல்லாமல் அவரும் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை நிமிஷம்?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "நீங்க வந்தது நாலு முப்பத்தொண்ணு. ஊசி போட்டது நாலு முப்பத்தேழு."

"மொதல்லயே சொல்லியிருந்தா?"

"நான் மொதல்லயே வெச்சுக் கேட்டிருக்கணும். காதுல மாட்டித்தானே இருந்தேன்." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அந்த வார்த்தையைப் படிக்கும்போது ஒரு தடவை பாத்தது. நீங்க சொன்ன மாதிரி யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. நீங்க டாக்டர்னு நெனச்சுட்டேன். உங்களுக்குத் தெரியாததா நான் கண்டுபிடிக்கப்போறேன்னு..."

"நான் பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்றவ" என்றேன்.

அவர் எழுந்து போகவில்லை. நானும் அழவில்லை. உள்ளே பைக்கிலிருந்து விழுந்தவன் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான்.

பதினாறு நாள் கழித்து நண்டுவின் அலமாரியை ஒழித்தேன். பென்சிலால் அவள் வெட்டிய காகிதம் கிடைத்தது. புதுக் கண்ணாடி போட்டிருந்ததால் அவள் சின்ன எழுத்து தெளிவாகத் தெரிந்தது. நிணநீர், குழாய், வழவழப்பு, தசை, கட்டி, நிலைமை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தேன். அந்த ஆறு துண்டில் ஒன்றில்கூட நுரையீரல் இல்லை. மூச்சு இல்லை. காற்று இல்லை. மூச்சு முட்டிச் சாகும் நோய்க்கு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத பெயரை வைத்திருக்கிறார்கள். அதை நாங்கள் பதினான்கு மாதம் மெருகேற்றினோம். அந்த இளைஞருக்கு அதிலிருந்து கட்டியும் குழாயும் கிடைத்தன. வேறென்ன கிடைத்திருக்கும்?

மருத்துவர் மேல் புகார் எழுதிக் கொடு என்று உறவில் சிலர் சொன்னார்கள். சித்தப்பா மகன் வக்கீலையே பேசிவைத்துவிட்டு வந்தான். "ஆறு நிமிஷம்க்கா. விடக்கூடாது" என்றான். அந்த ஆறு நிமிடத்தில் பாதி என்னுடையது என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. "உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கு" என்று எழுந்து போய்விட்டான். இப்போதும் என்னோடு பேசுவதில்லை.

பாதி என்ற கணக்கு சரிதானா என்று எனக்கும் தெரியாது. சில நாள் முழுவதும் என்னுடையது என்று தோன்றும். சில நாள், வேனில் வரும்போதே இதயம் அமுங்கத் தொடங்கியிருக்கும், யார் என்ன சொல்லியிருந்தாலும் இதுதான் என்று தோன்றும். நண்டு இருந்தால், "போதும், நிறுத்து, இரண்டு தடவை சொல்லிட்டே" என்பாள்.

நாலாவது மாதம் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் பிற்பகல் போனேன். பணியாளர் அம்மா மருந்துக்கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கால் நீட்டிப் பாலில்லாத தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் பேசத் தொடங்கியதும் குரலை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பாட்டு அம்மாவா? நீங்களும் டாக்டரும் மாத்தி மாத்திப் பாடினீங்களே."

சொன்ன பிறகு அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியிருக்கவேண்டும். தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். நான் பரவாயில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு என்ன தெரியும்? படுத்திருக்கறவங்க கையைப் பாப்பேன். பேச முடியாதவங்க கையாலதான் பேசுவாங்க. பத்தொன்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்." பிறகு அவரே சொன்னார்: "மின்னாடியே சொல்லியிருக்கணும்மா. டாக்டரும் நீங்களும் பெரிய விஷயமாப் பேசிக்கிட்டிருந்தீங்க. வாளியை வெச்சுக்கிட்டு நான் குறுக்க பேசறதான்னு நின்னுட்டேன். ஒரு ரெண்டு நிமிஷம் நின்னிருப்பேன்."

அந்த ஆறு நிமிடத்தில் இவருக்கும் ஒரு பங்கு இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பினாயில் வாசனை அடித்தது.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வியாதிம்மா அது?"

"நுரையீரல் சுருங்கிப்போற வியாதி" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். மணி இரண்டாகப் போவதாகச் சொல்லி, மிச்சத் தேநீரை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு எழுந்தார். இப்போது மாதத்தில் ஒரு நாள் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்கிறேன். மருத்துவர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். செவிலியர்களும் மாறிவிட்டார்கள். அவசரப் பிரிவில் அந்த அம்மாவுக்கு இன்னமும் பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரைதான் முறை.